எழுபத்தாறு பந்துகள்

முதலில் ஒரு கதிரைக்குத்தான் போட்டாள்.
நாலு கால், நாலு பழைய டென்னிஸ் பந்து,
ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு சிலுவைக் கீறல்.
பூர்க்டோர்ஃப் பள்ளிக்கூடம், மூன்றாம் மாடி,
நாலாம் வகுப்பின் ஜன்னலோரக் கதிரை.
லெவினுடையது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் பின்னேரம் ஐந்தரைக்கு வாளியோடு வருகிறவன்.
ஆட்களைக் காண்பதில்லை,
அவர்கள் விட்டுப்போனதைத்தான்.
வகுப்பு ரீச்சர் விட்டுப்போவது
பலகையில் பாதி அழித்த கணக்கு.
உர்சீனா லூத்தி விட்டுப்போவது
ஒரு மணல்கடிகாரம்,
பல் பதிந்த பென்சில்,
அலுமாரிக்குப் பின்னால் தரையில்
நீலப் பட்டி ஒட்டி அடைத்த ஒரு சதுரம்.
அழுக்கென்று நினைத்து இரண்டு தரம் உரித்தேன்.
மூன்றாம் நாள் ஒரு துண்டுக் கடிதம் கிடந்தது:
‘தயவுசெய்து உரிக்காதீர்கள். இது சுவர்.’

அடுத்த கிழமை எல்லாக் கதிரைக்கும் பந்து.
பத்தொன்பது கதிரை. பெருக்கிப் பாருங்கள்.
டென்னிஸ் கழகம் எறிய வைத்திருந்ததை
சைக்கிள் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாளாம்.
எனக்குச் சினம்.
பந்து மயிரைப் பிடிக்கும், தூசைப் பிடிக்கும்,
ஈரத்துணி பட்டால் மறுநாள்வரை மணக்கும்.
ஒரு பிள்ளைக்காகப் பதினெட்டுப் பேருக்குமா என்று
வீட்டில் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் கத்தினேன்.

மகளும் அதே வகுப்புத்தான், மூன்றாம் வரிசை.
மீனில் முள் எடுத்தபடி சொன்னாள்:
‘அவன்ர கதிரை சத்தம் போடேல்லை அப்பா.
எங்கட கதிரையள்தான்.’

கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னாள்.
பின்னம் விளங்காமல்
கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை
லூத்தி வந்து கதவுக்கு வெளியே தரையில் இருந்தாராம்.
ஏன் என்று கேட்கவில்லையாம்.
தன் சப்பாத்து நாடாவைக் கழற்றி
எட்டாய் மடித்துக்
கதவின் கீழால் உள்ளே தள்ளினாராம்.
எந்தச் செவ்வாய்? நான் அன்றிரவும்
அந்தக் கழிவறையைக் கழுவியிருப்பேன்.

நான் நினைத்திருந்தேன் அவர் லெவினுடைய ரீச்சர் என்று.
லெவின் நினைத்திருக்கிறான் எல்லோருடைய ரீச்சரும் என்று.
சம்பளத்தாளில் என்ன எழுதியிருக்கிறதோ.

மே மாதக் கூட்டத்தன்று நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கதவு அரைவாசி திறந்து கிடந்தது.
உள்ளே கதிரைகள் அரையாததால்
எல்லாம் கேட்டது.
கிழமைக்கு ஆறு மணித்தியாலம்
ஓகஸ்டிலிருந்து நாலாகும்.
‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்’ என்றது ஓர் ஆண்குரல்.
‘ஆறு மணித்தியாலம் நன்றாக இருக்கிறான்’ என்றார் அவர்.
அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை,
யாரோ பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள்.

ஓகஸ்டில் இருபதாவது கதிரை வந்தது.
புதுப்பிள்ளை. பேர் இன்னும் ஒட்டவில்லை.
வெள்ளிக்கிழமை மேசையில் கவிழ்க்க அதை இழுத்தேன்.
அறை முழுக்க ஓர் அலறல்.
வாளிக்கு மேலால் நான் காதைப் பொத்தினேன்.
எத்தனை வருடம் இந்தச் சத்தத்துக்குள் வேலை செய்திருக்கிறேன்,
கேட்டதேயில்லை.

லூத்தி இப்போது திங்களும் செவ்வாயும் மட்டும்.
சனிக்கிழமை டென்னிஸ் கழக வாசலில் போய் நின்று
எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பழைய பந்து கேட்டேன்.
எத்தனை என்றார்கள். நாலு என்றேன்,
பிறகு எட்டு என்றேன்.

ரப்பர் நினைத்ததைவிடக் கெட்டி.
இரண்டாவது பந்தில் கட்டைவிரலும் வெட்டுப்பட்டது.
மூன்றாவதில் கீறல் ஆழம் போதாமல்
கால் உள்ளே இறங்கவில்லை.
கதிரையை மடியில் கவிழ்த்துவைத்துத்
திரும்பக் கீறுகிறேன்.