கல்லாங்குத்து

ராயவரம் தாண்டி இடப்புறம் பிரியும் மண்பாதை.
கரியேந்தலில் கடைசி எல்லைக்கல்லும் ஊன்றியாயிற்று.
நடுவே ஒரு மேடு.
பதிவேடு அதைக் கல்லாங்குத்து என்கிறது.
கையில் எடுத்தால் கல் இல்லை:
கருப்பு, ஒரு பக்கம் கண்ணாடி,
மறுபக்கம் பொரிந்த துளைகள்,
ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோன ஒரு வழிசல்.
கம்பிப்பதம் தப்பிய பாகு
உருளியில் இப்படித்தான் இறுகும்,
சுரண்டவும் வராது, கொட்டவும் மனசு வராது.

"சிட்டக்கல்லும்மா" என்றார் அடைக்கன்,
சங்கிலியைச் சுருட்டியபடி.
"ஆடுகூட இதுல படுக்காது."
எந்தக் காலத்தது?
"எங்கப்பன் இதுல கால் கிழிச்சுக்கிட்டதுக்கு
ரொம்ப முந்தி."

இரும்பு எப்போதோ இறங்கிப் போய்விட்டது
கொழுவாய், கடப்பாரையாய்,
எவனோ ஒருவன் விலாவில் நுழைந்த ஈட்டியாய்.
போன ஊர்களில் அதற்கொரு பெயர் இருந்திருக்கும்.
இங்கே கிடப்பது அது துப்பியது.

ஒரு கூடை மண்ணுக்கு எத்தனை மரம்?
ஊர்ப் பெயருக்கு யானைக் கதை ஒன்று சொல்கிறார்கள்.
சுற்றிலும் பார்த்தேன்.
சூரைமுள், ஆவாரை, இடுப்புயரக் காரை.
யானை ஒதுங்க எங்கே நிழல்?
கரி என்றால் கரிதான்,
எரிந்த காடுதான் என்று
யாரிடம் போய்ச் சொல்ல.

சோலையப்பன் பைக்கில் வந்தார்.
நாற்பத்தாறு மனை. மேடு விழுவது பதினேழில்.
"அள்ளி ரோட்டுக்குப் போட்ருவோம் மேடம்,
ஜல்லிக் காசு மிச்சம்."
நியாயமான கணக்குதான்.
டயரைக் கேட்டீர்களா என்றேன்.
சிரித்தார்.

காற்றில் வரைபடம் படபடத்தது.
கைக்குக் கிடைத்த சிட்டத் துண்டை மேலே வைத்துவிட்டு
மூலைவிட்டம் அளக்கப் போனேன்.
ஐந்து நிமிடத் தூறல்.
இந்தப் பக்கத்து மழை,
மண்ணை விட்டு ஆளை நனைத்துவிட்டுப் போயிற்று.

திரும்பி வந்து தூக்கினால்
தாளில் செம்பழுப்பாய் ஒரு வட்டம்,
முழுசாகக்கூட இல்லை.
அதுவும் பதினேழில் அல்ல,
பூங்கா என்று குறித்த இடத்தில்.

இது என்ன அடையாளம் என்றார்கள் அலுவலகத்தில்.
குறியீட்டுப் பட்டியலில்
கிணறு உண்டு, கோயில் உண்டு, சுடுகாடு உண்டு.
டீக்கறை என்றேன்.
புதிதாய் வரையச் சொன்னார்கள்,
வரைந்தேன்.

அட்டையைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன்,
அடியில் இருந்த தாளிலும்
லேசாக ஊறியிருக்கிறது.
அது அடுத்த ஊர்.
நாளைக்குத்தான் அங்கே போகவேண்டும்.