கோடு முடிந்த இடம்

காலை ஆறு மணிக்குப்
பாலத்தின் மூன்றாம் தூணில்
ஆற்றின் உயரம் படிப்பது என் வேலை.
சம்பளம் சொற்பம். மழைக்கோட்டு அரசாங்கத்துடையது.
முதுகிலிருந்த சின்னத்தை
நானே பிளேடால் பிரித்தெடுத்துவிட்டேன்.

போஸ்னா ஆறு என் ஊரைத் தாண்டிப்
பதினெட்டு கிலோமீட்டர் போனால்
சாலைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது.
அங்கே எங்கள் எழுத்தின்மேல் கறுப்பு மை பீய்ச்சியிருக்கும்,
இங்கே அவர்கள் எழுத்தின்மேல்.
ஒரே கடையில் வாங்கிய மையாகவும் இருக்கலாம்.

எங்கள் நாட்டில் வானிலைக்கு இரண்டு அலுவலகம்,
ஒரே மேகத்துக்கு இரண்டு கோப்பு.
நான் படித்த எண் சரயேவோவுக்குப் போகும்,
முத்திரை வாங்கிப் பான்யா லூகாவுக்குப் போகும்.
அது கீழ்ப் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள்
தண்ணீர் வந்து, பார்த்து, போயிருக்கும்.

அதனால் ஸ்லாவொய்காவுக்கு நானே போன் செய்கிறேன்.
கீழ்ப் பாலத்தின் தூண் அவளுடையது.
முகம் தெரியாது.
இருமல் தெரியும், ஜனவரியில் அது கூடுவது தெரியும்.
பதினொரு வருடமாக எண்ணை மட்டும் சொல்வேன்,
திருப்பிச் சொல்வாள், வைத்துவிடுவோம்.
முகமன் சொன்னால்
எந்தச் சாமியின் முகமன் என்று ஆகிவிடும்.
என் அண்ணன் விழுந்த குன்று
அவள் ஜன்னலில் தெரியக்கூடும்.
கேட்டதில்லை.

அந்த மே மாதம்
மூன்று மாத மழை மூன்று நாளில் கொட்டியது.
தூணில் தீட்டிய கோடுகள் ஐந்து மீட்டரோடு முடிகின்றன.
நள்ளிரவுக்குப் பின் டார்ச் அடித்துப் பார்த்தேன்:
கோடுகளைக் காணோம்,
ஒரு மாட்டுக் கொட்டகையின் கூரை மிதந்து போனது.

முதல் தடவையாக எண் இல்லாமல் பேசினேன்.
"கோடு முடிந்துவிட்டது. ஆட்களைக் கிளப்பு."
மறுமுனையில் மழை மட்டும்.
பிறகு, "உன் பேர் என்ன?
யார் சொன்னதென்று கேட்பார்கள்."

ஃபிக்ரெதா.
எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால் போதும்,
எந்தக் கரை, எந்தத் தொழுகை,
யாருடைய பிணங்கள், எல்லாம் சொல்லியாயிற்று.

இரண்டரை மணிக்கு அவர்கள் தேவாலய மணி அடித்ததாம்.
நானூறு பேர் மேட்டுக்கு ஏறினார்களாம்.
"துருக்கிக்காரி சொல்லி நான் எழுந்திருப்பதா" என்று
போர்வையை இழுத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்.
ஒருவரை ஜூனில் கண்டெடுத்தார்கள்.

குன்றும் சரிந்தது.
போர்க்காலத்தில் இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகள்
வரைபடத்தை விட்டு இறங்கி
யார் யாருடையதோ சோளக் கொல்லையில் படுத்துக்கொண்டன.
மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகை ஒன்று
பாதிரியாரின் கோழிக்கூட்டில் வந்து நின்றது.

காப்பிக்கடையில் இன்னும் சண்டை.
அணையைத் திறந்துவிட்டார்கள் என்கிறான் ஒருவன்.
பாவத்தின் பலன் என்கிறான், தன் பாவத்தை விட்டுவிட்டு, இன்னொருவன்.
கடல் சூடேறி, காற்று முன்னைவிட அதிக நீர் சுமக்கிறது என்ற
வானிலைப் பையனிடம்
நீ எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.
நான் என் நோட்டுகளை மேசையில் போட்டேன்.
யாரும் பிரிக்கவில்லை. ஒருவன்
அதன்மேல் கோப்பையை வைத்தான்.

புதிய அளவுகோல் வந்தது, ஒன்பது மீட்டர்.
எந்த எழுத்தில் எழுதுவதென்று இரண்டு அலுவலகமும்
நான்கு மாதம் கடிதம் போட்டுக்கொண்டன.
பெயின்டர் சலித்துப்போய் எண்களை மட்டும் தீட்டிவிட்டுப் போனான்.
எண்கள் இரண்டிலும் ஒன்றுதான்.
யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

இது ஆகஸ்ட்.
தூணின் பாதம் தெரிகிறது,
நான் இதுவரை பார்த்திராத பாதம்,
அதில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று.
"பத்தொன்பது சென்டிமீட்டர்" என்றேன்.
"பத்தொன்பது" என்றாள். "இங்கே பதினொன்று."
வைக்கவில்லை.
அவள் பாலத்தில் ஏதோ பறவை கத்தியது.
"ஃபிக்ரெதா," என்றாள்,
"உன் பக்கம் மேகம் ஏதாவது?"

நிமிர்ந்து பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
அவளும் வைக்கவில்லை.