மூன்று வசனம் மேலே

டக்கோராடியில் கடைகளுக்கெல்லாம்
ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது.
'கிருபை போதும்' பஞ்சர் ஒட்டும்.
'யெகோவாயீரே' செல்போன் ரிப்பேர்.
'அவர் வேளையே வேளை' உறைந்த மீன் விற்கும்,
கரண்ட் இருக்கும்வரை.

இவற்றில் பாதிக்கு மேல்
ஈபோ குவான்சா எழுதியவை.
எனாமல், பன்றிமுடித் தூரிகை, ஏணி,
ஏணியைப் பிடித்துக்கொள்ள அயினே.

மீன்கடை அராபா தரவேண்டிய பாக்கி
ஆயிரத்து எண்ணூறு செடி.
அந்த நாட்டுக் காசின் பெயர் அப்படி;
நட்டாலும் முளைக்காது,
கேட்டாலும் முளைக்காது.
"வெள்ளிக்கிழமை வாங்க, மாஸ்டர்."
ஒன்பது வெள்ளிக்கிழமை போய்விட்டான்.
போன வாரம் இரண்டு நாள் கரண்ட் இல்லை,
அரைப் பெட்டி கானாங்கெளுத்தி குப்பைக்குப் போயிற்று என்றாள்.
பொய்யில்லை. வாடை இருந்தது.
பனியைச் சுரண்டிக்கொண்டே
தலைக்கு மேல் தொங்கும் பலகையைக் கைகாட்டினாள்:
அவர் வேளையே வேளை.
இவன் எழுத்துத்தான்.
என்ன சொல்ல?

குரலை உயர்த்தியதில்லை.
பலகையைக் கழற்றிக்கொண்டு போவேன் என்று
மிரட்டியதில்லை, வேறு பெயின்டர்கள் மாதிரி.
புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து
சாட்சி சொன்னான்:
"சகோதரரே, பொறுக்கக் கற்றுக்கொண்டேன்."
ஆமென் வந்தது.
பிசுபிசுவென்று ஓர் இனிப்பு
தொண்டைக்குள் இறங்கியது.
பின்வரிசையில் அயினே
எல்லோரையும்விடச் சற்றுத் தாமதமாக
ஆமென் சொன்னான்.

திங்களன்று அமிஸ்ஸா வந்தார், கோழித்தீவனக்காரர்.
முன்பணம் எழுநூறு.
அவருக்கு முழு வசனமும் வேண்டும்:
பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும்
காத்திருப்பான் என்று வருமே, அது.
மஞ்சளில். கறுப்பு நிழலோடு.

எழுத்துப்பிழை வரக்கூடாதென்று
வேதத்தைத் திறந்து விரல் வைத்தான்.
விரலில் டர்பென்டைன்.
வழுக்கி
மூன்று வசனம் மேலே போய் நின்றது.
அங்கே வயலறுத்தவர்களின் கூலி,
கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி,
வாய் முளைத்துக் கத்திக்கொண்டிருந்தது.

வெளியே அயினே தூரிகை கழுவிக்கொண்டிருந்தான்.
பதினொரு நாள் வேலை, நாளுக்கு அறுபது.
"அராபா தரட்டும், தந்துவிடுகிறேன்" என்று
ஒன்பது வெள்ளிக்கிழமை
இவனும் சொல்லியிருக்கிறான்.
போல்காவில் மகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டது என்று
ஒருமுறை ஏணியடியிலிருந்து அயினே சொன்னான்.
மேலே காற்று.
சரியாகக் கேட்கவில்லை,
அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

அப்படியானால்
இத்தனை நாள் பொறுத்தது யார்?
எழுந்து நின்று சாட்சி சொன்ன பொறுமையை
யார் வயிற்றிலிருந்து எடுத்தான்?

அறுநூற்று அறுபது.
எனாமல் வாங்க வைத்திருந்த முன்பணத்திலிருந்து
எண்ணி நீட்டினான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுக்கையில்
அயினே நோட்டுகளைத் திரும்ப எண்ணினான்,
ஈர விரலால், அவசரமில்லாமல்.
"சரியாக இருக்கிறது."
பிறகு,
"ஏணியில் மூன்றாம் படி ஆடுகிறது. ஆணி வேண்டும்."

மிச்ச நாற்பதுக்குச்
சின்ன டப்பா மஞ்சள்தான் கிடைத்தது.
'பொறுமை' வரைக்கும் வந்தது.
மற்றதெல்லாம் பென்சில் கோடு;
பயிரிடுகிறவன் இன்னும் வயலுக்கு வரவில்லை,
மழையும் இல்லை.

அமிஸ்ஸா பலகையைப் பார்த்தார்.
இவனைப் பார்த்தார்.
"மீதி எப்போது?"

"வெள்ளிக்கிழமை" என்றான் ஈபோ.
சொன்ன நாக்கில்
மீன் வாடை அடித்தது.