பன்னிரண்டு பாயிண்டில் யானைமலை

நூற்றுக்கு எழுபத்தைந்து ஈயம்,
ஐந்து வெள்ளீயம்,
மிச்சம் ஆண்டிமணி.
ஆண்டியும் மணியும் ஒரே பேரில்.
சம்பளப் பதிவேட்டில் இல்லாத ஆள் என்பார்
முதலாளி துளசிராம்.
அவன் சேராவிட்டால்
ஆயிரம் நோட்டீஸுக்குள் எழுத்து மழுங்கிவிடும்.

அரசாணை வந்த வாரம்
சிம்மக்கல், கீழமாசி வீதி, மேலூர் வரைக்கும்
அச்சகங்களிலிருந்து சாக்குச் சாக்காய் வந்து இறங்கின
துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை.
ஆணையிலேயே ஒரு துதிக்கை இருந்ததைக்
கடைசிச் சாக்கை அவிழ்க்கையில்தான் கவனித்தேன்.

செய்தித்தாளைத் திரித்து உள்ளே விட்டால்
பழுப்பேற வேண்டும், பற்றக்கூடாது.
அதுதான் சூடு.
குங்கிலியம் தூவக் கசடு மேலே வரும்.
தண்ணீர்ச் செம்பை எட்ட வை,
ஒரு சொட்டு விழுந்தாலும் கொப்பரை முகத்தில் துப்பும்.
தலை, வேலை, இல்லை
எல்லாம் ஒரே குழம்பு.
விலைக்கும் துதிக்கை போனது.
இறங்கத்தான் இல்லை.

மூன்றாம் வாரம்
கம்பாசிட்டர் தெரசம்மாள் ஒருவரை இழுத்து வந்தாள்:
"வார்த்தவங்களையே கேட்டுக்குங்க."
காதணி விழா, இருநூறு அட்டை.
பேர் சோலைமலை. ஊர் யானைமலை அடிவாரம்.
"பேரும் தப்பு, ஊரும் தப்பு. காசு கெடையாது."

சுவரில் ஒட்டியிருந்த ஆணையைக் காட்டினேன்.
"சர்க்காரு எம்பேருல கை வைக்குமா?"
"கை வைக்கலண்ணே, துதிக்கையைத்தான் எடுத்துருக்கு."
அவர் சிரிக்கவில்லை.

புது லை ஒன்றைக் கேட்டு வாங்கினார்.
சூடு இன்னும் போகவில்லை,
உள்ளங்கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.
ஈயம் தனியே ஆறினால் உள்ளுக்குள் சுருங்கும்.
ஆண்டிமணி கலந்தது அச்சின் மூலை வரைக்கும் போய்
அங்கேயே நிற்கும், பிடிவாதமாய்.
"எடுத்த ஈயம் எங்க?"
"வேற எழுத்துல இருக்கும்."
"எதுல?"
எனக்குத் தெரியவில்லை.
ககரமாக இருக்கலாம், காற்புள்ளியாகவும்.

பாதிக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு அட்டை வந்தது.
பேருக்கு இரண்டு, ஊருக்கு இரண்டு,
நீல மையில் நாலு துதிக்கை,
கையாலேயே வரைந்து.
இருநூறு அட்டைக்கும் போட்டிருப்பார் போல.
என்னுடையது கடைசிக் கட்டில் இருந்திருக்க வேண்டும்:
நாலாவது துதிக்கை
கோணிக்கொண்டு போய்
பக்கத்துத் தேதியைத் தூக்கிக்கொண்டிருந்தது.