காலில் பொறித்தது

அக்டோபர். சாரெமா தீவின் தென்முனை.
எட்டு மணிவரை வெளிச்சம் வராத ஊர் இது.
காரெல் தலைவிளக்கோடு வலை பார்க்கப் போய்விட்டான்.
விறகடுப்பின் பக்கத்தில் நானும் மடிக்கணினியும்.

வலையில் சிக்கும் பொன்னுச்சிச் சிட்டு
இரண்டு சென்ட் காசு இரண்டின் எடைகூட இல்லை.
அதன் காலில் அலுமினிய வளையம் மாட்டுகிறோம்.
வளையத்தில் எண்.
கோட்லாந்தில் பிடிப்பவனும் படிக்கலாம்,
செத்துக்கிடக்கையில் தூக்கிப் பார்க்கும் பள்ளிப்பிள்ளையும் படிக்கலாம்.
படிக்கட்டும் என்றுதான் பொறிக்கிறோம்.

நாற்பது வருஷத்து எண்கள்
எங்கோ பிராங்க்பர்ட் பக்கம், வாடகைத் தேடுதளம் ஒன்றில் இருக்கின்றன.
மேகத்தில் இருக்கிறது என்பார்கள்.
இங்கே மேகம் என்றால் ஈரம், சுருட்டிவைத்த வலை,
வேலை இல்லாத நாள்.

கைபேசியில் எண்ணைத் தட்டினால்
பறவையின் கதை வரும்படி செயலி எழுதியவள் நான்.
முப்பத்தோராவது வரியில்
அந்தத் தளத்தின் தலைமைச் சாவியையும் எழுதினேன்.
தேடவும் சேர்க்கவும் அழிக்கவும் ஒரே சாவி.
பிறகு, யாருக்காவது உதவும் என்று
மொத்த நிரலையும் பொதுவில் வைத்தேன்.
நல்ல மனசுதான். நல்ல மனசுக்கும் தாழ்ப்பாள் வேண்டும்.

பதினோரு நாள்.

வியாழக்கிழமை தார்த்துவிலிருந்து மேரிகே அழைத்தாள்.
பதிவேடு அவள் பொறுப்பு, கோபத்தில் குரல் தணியும்.
"ஒரே குருவி ஒரே நாளில்
லிஸ்பனிலும் ரீகாவிலும் இறந்திருக்கிறது, லீவி.
ஓர் அன்னத்துக்கு முந்நூறு வயசு."

முதலில் சிரித்தேன்.

வளையம் சொல்வது: இது யார்.
சாவி சொல்வது: இவர் என்னவெல்லாம் செய்யலாம்.
இரண்டையும் ஒன்றாக நினைத்து
சாவியையும் காலிலேயே பொறித்து
கடல் தாண்டிப் பறக்கவிட்டிருக்கிறேன்.

அந்த வரியை அழித்தால் போதாது,
நிரலின் பழைய பிரதிகள் எதையும் மறப்பதில்லை.
சாவியையே கொன்றேன்.
கேடு கலக்காத பிரதியை மேரிகே
முந்தின மாதத்திலிருந்து தோண்டி எடுத்தாள்.

புதிய சாவிகள் சின்னவை.
ஆளுக்கொன்று. தேட மட்டும். எங்கள் ஏட்டில் மட்டும்.
தொண்ணூறு நாளில் தானாகச் செத்துப்போகும்.
சேர்க்கும் சாவி நடுவில் ஒரு சர்வரிடம் இருக்கிறது,
கைபேசி அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை.
மடியில் கனம் வைத்துத்தானே வழியில் பயந்தேன்?
கனத்தை இறக்கிவிட்டேன்.
பயம் கொஞ்சம் மிச்சம். இருக்கட்டும்.

இன்னொரு வரியும் இருந்தது, இதை மேரிகேயிடம் சொல்லவில்லை.
ஒரு அவசரத்தில் நானே எழுதியது:
"எதிரில் இருப்பவரின் சான்றிதழைச் சரிபார்க்காதே."
அதாவது கதவைத் தட்டுகிறேன்,
திறப்பவர் யாரானாலும் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.
அந்த வரியை எடுத்தேன்.
தளத்துக்காரனைத் தொலைபேசியில் பிடித்து
சான்றிதழின் கைரேகையை இரண்டிரண்டு எழுத்தாக
அவன் சொல்ல நான் சொல்ல ஒப்பிட்டோம்.
வளைய எண்ணையும் அப்படித்தான் படிப்போம்,
ஒருவர் உரக்க, ஒருவர் எழுதியபடி.

இன்று காலை காரெல்
துணிப்பையோடு உள்ளே வந்தான், மூக்கு சிவந்து.
வேறு நாட்டு வளையம் போட்ட செம்மார்புக் குருவி.
எண்ணைத் தட்டினேன்.
அனுமதி இல்லை.
மறுபடி தட்டினேன். அனுமதி இல்லை.
சாவியை ஒட்டும்போது கடைசியில்
ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக
என்னையே வெளியே நிறுத்தியது என் கதவு.
திட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெற்றிடத்தை நீக்கியதும் பதில் வந்தது:
பதிவு எதுவும் கிடைக்கவில்லை.
யாரோ எங்கோ மாட்டி, இன்னும் ஏற்றாத எண்.

காரெலின் இரு விரல்களுக்கு நடுவே கழுத்து,
குருவி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.
நாங்கள் யாரென்று சரிபார்க்க
அதனிடம் ஒன்றுமில்லை.

ஜன்னலைத் திறந்தான்.