இடது முன், வலது பின்

படிவத்தில் ஒரு கட்டம்:
ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?
நாலாயிரத்து எண்ணூறு மீட்டரில்
பேனா உறைந்து கிடந்தது.
உதறி, ஊதி, உள்ளங்கையில் உருட்டி
அலுவலகத்துத் தொலைபேசி எண்ணை எழுதினேன்.
சனிக்கிழமை அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள்.

யுகிலேமா, எங்கள் வழிகாட்டி,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
படிவத்தை நாலாய் மடித்துச்
சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.
"உங்கள் ஊரில் பிரேக் வேறு மாதிரி.
இங்கே இடது முன். வலது பின்.
ஒரு விரல் போதும். சொல்லுங்கள்."
சொன்னேன்.
"இன்னொருமுறை."

முப்பத்தொன்பது வயதில்
மடிப்பாக்கம் அடுக்குமாடியின் அடித்தளத்தில்
தூண்களைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் பழகியவள் நான்.
அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.
கீட்டோவுக்கு வந்தது கணக்குத் தணிக்கைக்கு.
இந்த மலைக்கு வந்தது
மதியச் சாப்பாட்டில் யாரோ கேட்க
"ஓ, ஓட்டுவேனே" என்று சொல்லித் தொலைத்ததால்.

முதுகுக்குப் பின்னால் சிம்பொராசோ,
வெள்ளையாய், என்னைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல்.
முன்னால் மணல். மணலில் கல்.
கல்லுக்கு அப்பால் நேரடியாக வானம்.

டச்சுக்கார அண்ணன் தம்பி
ஹோவென்று கத்திக்கொண்டு போனார்கள்,
பொட்டானார்கள்,
பொட்டும் போயிற்று.
எனக்குப் பின்னால் வேன்.
ஓட்டுநர் செகுண்டோ முதல் கியரில் ஊர்ந்து வருகிறார்,
கதவு திறந்தே இருக்கிறது,
வானொலியில் கால்பந்து வர்ணனை.
ஏறிக்கொள்ளுங்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

"கல்லைப் பார்க்காதீர்கள்!
போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்!"
எப்படிப் பார்க்காமல் இருப்பது?
கடன் கொடுத்தவன் மாதிரி ஒவ்வொரு கல்லும்
பேர் சொல்லிக் கூப்பிடுகிறதே.
பார்த்தேன். மோதினேன். பல் கிடுகிடுத்தது.
அடுத்த கல்லையும் பார்த்தேன்.

பிறகு மூடுபனி வந்தது.
வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது;
ஒரு வளைவு முடிந்தபோது அதற்குள் இருந்தேன்.
வேன் இல்லை. வர்ணனை இல்லை.
கல்லும் இல்லை.
பார்க்கச் சொன்ன தூரமே இல்லை.
எங்கோ முன்னால் அவள் சக்கரத்தின் டிக்டிக் மட்டும்,
இரவுப் பூச்சி போல.
அந்த ஓசையின் வாலைப் பிடித்துக்கொண்டு
பிரேக்கைத் தொடாமல்
எட்டு விநாடி, பத்து விநாடி இருக்கலாம்,
உருண்டேன்.
அடிவயிற்றில் ஏதோ அவிழ்ந்தது.
பயமா, வேறு ஏதாவதா,
விசாரிக்க நேரமில்லை

ஏனென்றால் நடுப்பாதையில் ஒரு விக்குன்யா.

நீண்ட கழுத்து. பட்டை நிறம்.
இமைமயிரில் பனித்துளி கோத்திருந்தது.
அவ்வளவு கிட்டத்தில்.
மடிப்பாக்கத்துக் கை பழக்கதோஷத்தில் இடதை இறுக்கிற்று.
முன் சக்கரம் நின்றது.
நான் நிற்கவில்லை.

மணல் மெத்தென்றுதான் இருந்தது.
விக்குன்யா அசைபோடுவதை நிறுத்தாமல்
என்னை ஒரு முழுநிமிடம் பார்த்தது.
பயந்து ஓடவில்லை. வழி விட்டதாகவும் தெரியவில்லை.
வேறு வேலை இருப்பதுபோல்
வெண்மைக்குள் நடந்து போனது.

முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.
வேனின் விளக்கு தெரிவதற்குள்
இருக்கையில் ஏறிவிட வேண்டும்,
வாழ்க்கையில் அப்போது எனக்கிருந்த ஒரே இலட்சியம் அது.
"இடது முன்" என்றேன் உரக்க,
அந்த மலையில் தமிழ் புரியும் யாருமற்ற தைரியத்தில்.
"வலது பின்."

கீழே, புல் தொடங்கும் இடத்தில் ஒரு கடை.
அவித்த உருளைக்கிழங்கு, மேலே பாலாடைக்கட்டி.
அண்ணன் தம்பி இரண்டாவது தட்டில் இருந்தார்கள்.
"எப்படி?" என்றான் யோரிஸ், பெரியவன்.
"அருமை."
மடங்கிய விரல்கள் விரிய மறுத்தன.
கரண்டியை முஷ்டியில் பிடித்துத் தின்றேன்.

யுகிலேமா பின்னால் வந்து நின்று
முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.
தலைக்கவசத்தின் துளைகளிலிருந்தும் கொஞ்சம் கொட்டியது.
விழுந்தீர்களா என்று கேட்கவில்லை.
சட்டைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தாள்,
பிரித்தாள்,
அந்த எண்ணின்மேல் விரல் வைத்து
"இது யார்?" என்றாள்.

வாய் நிறையக் கிழங்கு.
நல்லவேளை.