நாலு டிகிரி

கடையாலுமூடு தாண்டி
ரப்பர் மரங்களுக்குள் ஜீப் ஏறும்போது
என் மடியில் நூற்று எழுபது கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒன்று, அல்லது இரண்டு.
அரை மதிப்பெண் போட எனக்கு அதிகாரமில்லை.

நான் வருவது சுவர்களுக்குத் தெரிந்திருந்தது.
நேற்றைய சுண்ணாம்பு இன்னும் விரலில் ஒட்டியது.
மஞ்சள், சிவப்பு, நீலக் குப்பைக் கூடைகள்;
நீலத்தில் மட்டும் கடையின் விலைச்சீட்டு.

கை கழுவும் ஆறு படிகளையும்
சிஸ்டர் ரோஸ்லெட் செய்து காட்டினாள்.
கட்டைவிரலை விட்டுவிட்டாள். ஞாபகம் வந்து
அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல்
இரண்டு தடவை தேய்த்தாள்.

பாம்புக்கடி மருந்து பத்துக் குப்பி,
காலாவதிக்கு ஏழு மாதம். இரண்டு.
ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தது.
திறக்கிற சாவி?
தேடினார்கள். மருந்தாளுநர், ஆயா, வாட்ச்மேன், எல்லோரும்.
பிரசவ அறை ஜன்னலில் கிடைத்தபோது
நாலரை நிமிடம் ஆகியிருந்தது.
நான் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்,
ஒரு நிமிடத்துக்குமேல் முடியவில்லை.
பூச்சியம்.

பால் வெட்டி முடித்து நேரே வந்திருந்தார்
சத்தியநேசன், சட்டையெல்லாம் ரப்பர் பால் காய்ந்த பொட்டுகள்.
மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொன்னாங்களா?
"சொன்னாவ."
குறை ஏதாவது உண்டா?
அவர் என் பேனாவைப் பார்த்தார்.
"குறை சொன்னா
அந்தப் பிள்ளைக்க வேலை போவுமா?"

பிறகு தடுப்பூசி ஃபிரிட்ஜ்.
அதன் தலைமேல் வெப்பநிலைப் பதிவேடு.
அக்டோபர் முழுக்கக் காலை நாலு, மாலை நாலு,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
பதினேழாம் தேதியும் நாலு.
காற்றில் மரங்கள் சாய்ந்து தாலுகாவே இருண்ட நாள் அது.
நாகர்கோவிலில் என் வீட்டுப் பாலே திரிந்துபோயிற்று.
இங்கே மட்டும் நாலு.

"சிஸ்டர், அன்னைக்குக் கரண்ட் இருந்ததா?"

ஃபேன் சுற்றுவதைக் கொஞ்சநேரம் கேட்டோம்.
"இல்ல மேடம். பதினோரு மணிநேரம் இல்ல.
குப்பிகள ஐஸ் பெட்டில அடுக்கி
களியல் சர்ச் ஜெனரேட்டருக்கு ஸ்கூட்டர்ல போனேன்.
வழியில அயினி மரம் குறுக்கே கெடந்துது.
வண்டியப் போட்டுட்டு
பெட்டியத் தூக்கிட்டு நடந்தேன்."
"எவ்வளவு காட்டிச்சு?"
"ஒம்பது."
"அப்போ நாலு?"
"நாலுன்னு எழுதினா
யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

இந்த வேலைக்கு வருமுன்
பதினெட்டு வருஷம் நானும் நர்ஸ்தான்.
நானும் நாலு எழுதியிருக்கிறேன்.

குப்பிகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தோம்.
லேபிளில் ஒரு வட்டம், உள்ளே சின்னச் சதுரம்.
சூடு படப்படச் சதுரம் கறுக்கும்.
வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால்
குழந்தைக்குப் போடக்கூடாது.
குப்பி தன் தோலில் தானே எழுதும் கணக்கு;
யாருடைய பேனாவும் அதற்கு எட்டாது.
நாற்பத்து மூன்று குப்பிகள்.
நாற்பத்து மூன்று வெளிறிய சதுரங்கள்.

ஆனால் மறுவாரம் இருபத்திரண்டு குழந்தைகளுக்குப் போட்ட குப்பிகள்
எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன.
அதே பெட்டி, அதே ராத்திரி.
அவற்றின் சதுரமும் வெளிறித்தான் இருந்திருக்கும்
என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டோம்.
அவள் ஒரு தடவை. நான் ஒரு தடவை.
பெயர்களை எழுதித் தரச் சொன்னேன்,
டாக்டர் அனிஷாவுக்கும் மேலே மாவட்டத்துக்கும்.
எழுதும்போது அவள் கை நடுங்கியது.

பதினேழாம் தேதியின் நாலை
சிவப்பு மையால் அடித்து ஒன்பது எழுதிக்
கையெழுத்துப் போட்டாள்.
பதிவேட்டுக்குப் பூச்சியம் போட்டேன்.
மழையில் பெட்டி சுமந்ததற்குக் கட்டம் இருக்கிறதா என்று
நூற்று எழுபதையும் புரட்டினேன்.

ஜீப்புக்குப் போகிற வழியில் பார்த்தேன்:
சிலிண்டரின் கழுத்தில்
பேண்டேஜ் துணியில் கட்டிய சாவி.
குடையை மறந்து திரும்ப உள்ளே போனபோது
ஃபிரிட்ஜ்மேல் பதிவேடு திறந்தே கிடந்தது.
இன்றைய மாலைக் கட்டத்தில் ஐந்து புள்ளி மூன்று.
அந்த நோட்டில் நான் பார்த்த முதல் புள்ளி.